தழும்பில்லாத படம்

சலவைப் பிரிவிலிருந்து எங்கள் ஸ்கேன் அறைக்கு வரும் துணிக்கட்டு மட்டும் தனியாக வரும். அதில் ஊக்கு இருக்கக் கூடாது, கொக்கி இருக்கக் கூடாது, உலோகப் பொத்தான் இருக்கக் கூடாது. நாடாவால் கட்டும் அங்கிகள் மட்டும்தான். எங்கள் மிஷின் ஒரு பெரிய காந்தம். யாரோ மறந்துவிட்ட ஓர் ஊக்கு போதும், துணியைக் கிழித்துக்கொண்டு பாயும். நடுவில் யாருடைய கண் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அதனால் அந்தக் கட்டை ஒரே ஒருவர்தான் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு அங்கியையும் விரித்து, ஓரங்களை விரலால் தடவி, நாலாக மடித்து, தள்ளுவண்டியில் அவரே கொண்டுவந்து தருவார். நான் அங்கே டெக்னீஷியனாகச் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அவர் கையிலிருந்து ஒரு குண்டூசிகூடத் தப்பி வந்ததில்லை.

அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்தவரான சூப்பர்வைசரும் அக்கா என்பார். நான் சொல்லப்போவது நடந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கேன்டீனில் ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார். நாலு மணிக்கு வேலை முடிந்தால் நாலு ஐந்துக்கு பஸ் நிறுத்தத்தில் இருப்பார். அக்காவை யாரோ துரத்துகிறார்கள் என்று சலவைப் பிரிவில் கிண்டல் செய்வார்கள். கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, 'ஒரு மாதிரியான' தம்பி, மதியம் கீழ்வீட்டுக்காரம்மா வந்து இருவரையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார் என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

எங்கள் மருத்துவமனையோடு ஒட்டிய ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு புது ஆய்வு தொடங்கினார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் மூளையைப் படமெடுத்து அளப்பது. மூளையின் மேலே தோல் போல ஒரு சாம்பல் அடுக்கு உண்டு, புறணி என்பார்கள். இரண்டு மில்லிமீட்டரிலிருந்து நாலு மில்லிமீட்டர் கனம்தான். அது எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எப்படி மடிந்திருக்கிறது என்று ஆயிரக்கணக்கான இடங்களில் அளந்து, அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆய்வை நடத்தியவர் ஒரு பெண் மருத்துவர். குழந்தைகளை எல்லோரும் பார்க்கிறார்கள், அந்தக் குழந்தைகளுக்கு நாற்பது வயதாகும்போது ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஆள் தேடி அவர் எழுதிய அறிவிப்பை லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டியது நான்தான்.

அக்கா தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். துணிக்கட்டை என் மேஜை ஓரம் வைத்தவர் வழக்கம்போல் திரும்பிப் போகவில்லை.

"வளந்தவங்களையும் பாப்பீங்களா?"

"வளந்தவங்களைத்தான் பாக்கறோம்க்கா. தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"என் தம்பி. நாப்பத்தாறு வயசு." கொஞ்ச நேரம் அங்கியின் நாடாவை நீவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சின்ன வயசுல விழுந்த அடி இந்தப் படத்துல தெரியுமா?"

நான் அதைச் சாதாரணக் கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டேன். பலமான அடி என்றால் தழும்பு மாதிரி தெரியலாம், ஆராய்ச்சிக்கு எடுக்கும் படமாக இருந்தாலும் கதிரியக்க மருத்துவர் ஒருவர் கட்டாயம் பார்ப்பார் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டேன். அவர் கேட்டது எதை என்று தெரிந்திருந்தால் அவ்வளவு சுளுவாகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

தம்பி நல்ல உயரம். தலை பாதி நரைத்திருந்தது. சட்டைக் காலர்ப் பொத்தான்வரை போட்டிருந்தார். மொத்தம் பத்துப் பதினைந்து வார்த்தைகள்தான் பேசுவார், அதுவும் தேவைப்பட்டால். ஆராய்ச்சி மருத்துவர் படம் வரைந்த அட்டைகளைக் காட்டி, இங்கே படுக்க வேண்டும், சத்தம் வரும், வேண்டாம் என்றால் கையை உயர்த்தினால் போதும், உடனே நிறுத்திவிடுவோம் என்று பொறுமையாக விளக்கினார். தம்பி அட்டைகளை வரிசை மாறாமல் அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். அன்று மிஷின் இருந்த அறையின் வாசல்வரை வந்தார். அங்கியை முகர்ந்து பார்த்தார். திரும்பி நடந்துவிட்டார்.

இரண்டாம் தடவை படுத்தார். தலையைச் சுற்றி ஒரு கூடு மாதிரி சாதனத்தை மாட்ட வேண்டும், முகத்துக்கு நேரே அதன் பிளாஸ்டிக் சட்டங்கள் தெரியும். அதையும் பொறுத்துக்கொண்டார். சத்தம் தொடங்கிப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது. கையெல்லாம் உயர்த்தவில்லை, ஆளே வெளியே வந்துவிட்டார். அவருடைய முழங்கை பட்டு அக்காவின் உதடு கிழிந்தது.

போதும் என்றார் ஆராய்ச்சி மருத்துவர். அவரைக் கஷ்டப்படுத்தி ஒரு படம் எங்களுக்கு வேண்டாம், வந்ததே பெரிய உதவி என்றார். அக்கா கிழிந்த உதட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டே நடைபாதைவரை மருத்துவர் பின்னால் போய், கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக எதற்கும் வாய் திறக்காத மனுஷி. போகிற வருகிற ஆட்கள் நின்று பார்த்தார்கள். தம்பி சுவரோரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நான் அக்காவைத் துணிகள் அடுக்கும் சின்ன அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். அன்றுதான் சொன்னார்.

அவருக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஒன்றரை. அம்மா வேலைக்குப் போனபிறகு இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு திரிவது அவர் வேலை. வாசலில் மூன்று படி. மழை பெய்து ஈரமாக இருந்தது. காலில் பெரிய செருப்பு, அம்மாவுடையது. வழுக்கியது. அவர் கையை ஊன்றிக்கொண்டார், ஊன்றிய கையில் தம்பி இல்லை. படி விளிம்பில் தலை இடித்து நெற்றிப் பக்கம் வீங்கியது. ஒரு தடவை வாந்தி எடுத்தான். தூங்கிப்போனான். மறுநாள் எழுந்து நன்றாகத்தான் விளையாடினான். ஆனால் அதுவரை ம்மா என்பான், தா என்பான், அக்காவை க்கா என்பான். இரண்டு மாதத்துக்குள் அந்த மூன்றும் நின்றுபோயின. கூப்பிட்டால் திரும்புவதும் நின்றது.

"நீ போட்டதுதானே" என்று அம்மா அன்று சொன்னார். பிறகு நிறுத்தவே இல்லை. அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காதபோது சொன்னார். அப்பா ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது சொன்னார். அக்காவுக்கு இருபத்தாறு வயதில், அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கே வந்து பெண் கேட்டபோது அம்மா சத்தம்கூடப் போடவில்லை. போட்டவள் போய்விட்டால் இவனை யார் எடுப்பது என்று மட்டும் கேட்டார். அச்சகத்துக்காரரிடம் அக்காவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. தினமும் எண்ணும் படுக்கைவிரிப்புகளின் எண்ணிக்கையைச் சொல்வதுபோல் சொன்னார்.

"எனக்கு நல்லது ஒண்ணும் வேணாம்மா" என்றார். "தழும்பு இருக்கா இல்லையா, அது தெரிஞ்சா போதும். இருக்குன்னாலும் சரி. நாப்பத்தி நாலு வருஷமா தெரியாமயே கெடக்கறேன்."

நான் ஆராய்ச்சி மருத்துவரிடம் போய்ப் பேசினேன். தம்பிக்கு விருப்பம் இருந்தால், பயிற்சி கொடுத்து, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். மிஷின் போடும் சத்தங்களைப் போனில் பதிவுசெய்து கொடுத்தேன். அக்கா எங்கேயோ போய்க் குளிர்பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து, இரண்டு பக்கமும் வெட்டி, தம்பியின் கட்டிலில் மிஷினின் குழாய் மாதிரி கவிழ்த்தார். முதல் வாரம் தலையை உள்ளே வைத்து ஒரு நிமிடம். அடுத்த வாரம் நாலு நிமிடம். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். கீழ்வீட்டுக்காரம்மா, வீட்டுக்குள்ளே ரோடு போடுறீங்களா என்று மேலே வந்து கேட்டுவிட்டுப் போனார். அம்மா பக்கத்து அறைப் படுக்கையிலிருந்து குரல் கொடுப்பார்: "அவனைப் பெட்டிக்குள்ள போட்டு ஏன் வதைக்கிறே? ஒருதரம் போட்டது போதாதா?"

ஆனால் தம்பிக்குச் சத்தம் பிடித்துப்போனது. அதுதான் நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. மிஷின் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு விதமாக இரையும். ஆறாவது வாரத்தில் அவர் அடுத்து வரப்போகும் சத்தத்தை முன்கூட்டியே முனகிக் காட்டத் தொடங்கினார். தட்டைக் கழுவிவிட்டு அவராகவே போய்ப் பெட்டிக்குள் படுத்துக்கொள்வாராம்.

மூன்றாம் தடவை முப்பத்தெட்டு நிமிடம் கிடந்தார். முதல் படம் கொஞ்சம் கலங்கியிருந்தது. தலை ஒரு மயிரிழை அசைந்தாலும் புறணியின் ஓரம் மங்கிவிடும், மங்கினால் அளவு தப்பாகும். இரண்டாவது படம் கண்ணாடி மாதிரி வந்தது. திரையில் தலையின் குறுக்குவெட்டுகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, தகுதியும் இல்லை. அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தம்பியின் கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. முப்பத்தெட்டு நிமிடமும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்திருந்தேன்.

எங்கள் விதிப்படி, படத்தில் கவலைப்பட ஏதாவது இருந்தால்தான் கூப்பிட்டுச் சொல்வார்கள். ஒன்றும் இல்லை என்றால் தகவல் வராது. மூன்று வாரம் தகவல் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்றால் நல்லது என்று அர்த்தம் என்று அக்காவிடம் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. தினமும் துணிக்கட்டை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார். இப்போது கேன்டீனுக்கும் வருவதில்லை. சூப்பர்வைசர் என்னிடம், அக்கா நேற்றுத் தலையணை உறைகளையும் விரிப்புகளையும் கலந்து கட்டிவிட்டார், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். கடைசியில் நானே ஆராய்ச்சி மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அக்காவைத் தன் அறைக்கு வரச் சொன்னார். நானும் கூடப் போனேன்.

"கதிரியக்க மருத்துவர் பாத்துட்டார்க்கா. பழைய அடியோட தழும்பு, ரத்தம் கசிஞ்ச அடையாளம், எதுவுமே இல்ல."

"நல்லாப் பாத்தாரா?"

"நல்லாப் பாத்தார். நான் மறுபடியும் கேட்டேன்."

"அப்ப இது எதனால வந்துச்சு?"

அதை இந்தப் படம் சொல்லாது என்றார் மருத்துவர். ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து அவருக்கு ஆட்டிசம் இருக்கிறது என்றுகூடத் தன்னால் சொல்ல முடியாது, பலபேருடைய அளவுகளைச் சேர்த்துச் சராசரியைத்தான் பார்க்கிறோம் என்றார். "ஆனா உங்களுக்கு வேண்டியதுக்கு இந்தப் படமே தேவையில்லக்கா. கீழ விழுந்து யாருக்கும் ஆட்டிசம் வராது. பொறக்கறதுக்கு முன்னாடியே தொடங்கற விஷயம் அது."

"அவன் பேசிட்டு இருந்தான். விழுந்ததுக்கு அப்புறம்தான் நின்னுபோச்சு."

"அந்த வயசுல வந்த பேச்சு நின்னுபோறது நிறையப் பிள்ளைங்களுக்கு நடக்குது. ஒருதடவைகூட விழாத பிள்ளைங்களுக்கும் நடக்குது."

அக்கா அழுவார் என்று நினைத்து நான் தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். அவர் அழவில்லை. சொன்னதை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனாலும் எழுத்தில் இருந்தால் நம்புவார் என்றார். மருத்துவர் கையால் நாலு வரி எழுதிக் கொடுத்தார். அக்கா அதை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று மாலை வீட்டில் நடந்ததை அவர் மறுநாள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். அம்மாவுக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். பாதியில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தாளைப் படித்துக் காட்டினார். நான் போட்டதனால் இல்லையாம், அம்மா என்றார். அம்மா மென்றதை விழுங்கிவிட்டு, கொஞ்சம் பால் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

தம்பிக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மா அவனை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று மட்டும்தான் வீட்டில் சொன்னார். அந்த டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பெண்ணைத் திட்டாதீர்கள் என்று.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ போயிருப்பே. உங்கப்பன் போன மாதிரி. அப்புறம் நான் இவனை வெச்சுக்கிட்டு என்ன செய்வேன்?"

அக்கா மீதி ரொட்டியையும் ஊட்டி முடித்தார். வாயைத் துடைத்துவிட்டார். தம்பிக்குத் தலையணையைச் சரிசெய்தார். மறுநாள் காலை வேலைக்கு வந்தார். பத்து மணிக்கு எங்கள் அறைக்கு வந்து துணிக்கட்டை வைத்தார். அன்றுதான் முதல்முறையாக என்னை நீ என்றார்.

"என்னையும் அந்த மிஷின்ல போட்டுப் பாரேன்."

"எதுக்குக்கா?"

"ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணும் இல்லாத ஆளுங்களும் வேணும்னு அந்தத் தாள்ல எழுதியிருக்கில்ல. எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே எல்லாரும் சொல்றாங்க. பாத்துடலாம். இவ்வளவு வருஷம் நம்பின தலை. உள்ள என்னதான் இருக்குன்னு பாக்கணும்."

ஆய்வுக்கு ஐம்பது வயதுக்கு மேல் எடுப்பதில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அதையே சொன்னேன்.

"ஓ" என்றார். "அதுக்கும் வயசு போயிடுச்சா."

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான், அது மாதிரிச் சிரிப்பை யாரும் பார்க்க வேண்டாம்.

மூன்றாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. சூப்பர்வைசரின் ஞாபகத்தில் அவர் சொல்லாமல் நின்றதே இல்லை. மதியம் இரண்டு மணிக்குக் கீழ்வீட்டுக்காரம்மா மருத்துவமனைக்குப் போன் செய்து, அக்கா அங்கே இருக்கிறாரா, வீட்டில் நிலைமை மோசம் என்றார். சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார். நான் கையிலிருந்த வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

மாடிக் கதவு திறந்தே கிடந்தது. அம்மா கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுந்திருந்தார். எவ்வளவு நேரமாகத் தரையில் கிடந்தாரோ, துணி நனைந்து, குளிரில் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. தம்பி சுவரைப் பார்த்து நின்றபடி முஷ்டியால் தன் நெற்றிப்பொட்டில் அடித்துக்கொண்டிருந்தார். ஒரே அளவாக, ஒரே வேகமாக. அந்தப் பக்கம் வீங்கிக் கறுத்துவிட்டது. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. கீழ்வீட்டுக்காரம்மா தொடப்போனால் அலறுகிறார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. போனில் மிஷின் சத்தத்தைத் தேடிப் போட்டேன். கை நிற்கவில்லை, ஆனால் அடி மெதுவானது. நாங்கள் இரண்டுபேருமாக அம்மாவைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, உலர்ந்த துணி மாற்றினோம்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் வருவாளா என்று கேட்டார். தெரியாது என்றேன். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் இருந்தது. பிடித்திருந்த கையோ சுள்ளி மாதிரி இருந்தது. கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"வருவா" என்றார் அம்மா, தனக்குத்தானே. "அவளுக்கு வேற எங்க போகத் தெரியும்?"

ஆறு மணிக்கு அக்கா வந்தார். கையில் ஒரு துணிப்பை. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். தம்பிக்குச் சாப்பாடு எடுத்துவைத்து, தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பியின் கை நின்று, தட்டுக்குப் போக அரை மணி நேரம் ஆனது. பிறகு அம்மாவின் படுக்கைவிரிப்பை உருவி எடுத்து வேறு போட்டு, நாங்கள் அவசரத்தில் கட்டியிருந்த துணியையும் அவிழ்த்து ஒழுங்காகக் கட்டினார். எல்லாம் முடிந்தபின் என்னோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பஸ் மாறிப் போனேன்" என்றார். "மூணாவது பஸ்ஸுல எங்கன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு ஊர் பேரும் வாயில வரல. யார் வீட்டுக்குன்னு போவேன்? எறங்கி அந்த பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்துட்டேன். பதினாலு வயசுல தெரிஞ்சிருந்தா எங்கயாவது போகக் கத்துக்கிட்டு இருப்பேன்."

நான் அவர் முதுகில் கை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது.

அம்மா அதன்பின் பதினாலு மாதம் இருந்தார். அக்கா ஒரு குறையும் வைக்கவில்லை. வேளைக்கு மருந்து, வேளைக்குச் சாப்பாடு, முதுகில் புண் வராமல், வீட்டில் இருக்கும்போதெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் நடந்தது. ஆனால் அம்மா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். திரும்புங்க, வாயைத் திறங்க என்று மரியாதையாகப் பேசினார், மருத்துவமனையில் நோயாளியிடம் பேசுவதுபோல. அம்மா ஒருநாள், நான் உன்கிட்ட சொல்லாமலே செத்திருக்கலாம் என்று அழுதாராம். அக்கா பதில் சொல்லவில்லை. அதையும் தானே மனசில் வைத்துக்கொண்டு அல்லாடினார். மன்னித்தேன் என்று சொல்லியிருக்கலாமோ என்று ஒருநாள் கேட்பார். மறுநாள், சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும் என்பார். அம்மா போன அன்று அக்காதான் குளிப்பாட்டி உடுத்தினார். அழுதது கீழ்வீட்டுக்காரம்மாதான்.

அதற்குச் சில மாதம் கழித்து ஆய்வின் முடிவைச் சுருக்கி, கலந்துகொண்ட எல்லோருக்கும் கடிதம் அனுப்பினார்கள். தம்பி பெயருக்கு வந்ததை அக்கா என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். ஆட்டிசம் உள்ள தொண்ணூற்றாறு பேர், இல்லாத நூறு பேர். சில மடிப்புகளில் புறணியின் கனம் இரு குழுவுக்கும் சராசரியில் கொஞ்சம் வேறுபட்டது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே குழுவுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம் அதைவிட மிகப் பெரிது. தனி ஒருவரைப் பற்றி இதிலிருந்து எதுவும் சொல்ல இயலாது. உங்கள் பொறுமைக்கு நன்றி.

அக்கா கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் இடைவெளி தெரியாத அளவுக்கு நெருக்கிப் பிடித்துக் காட்டி, இவ்வளவா என்று கேட்டார். இதைவிடக் குறைவு என்றேன். கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆராய்ச்சி மருத்துவர்தான், தம்பியைப் போன்ற பெரியவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் பெயர் பதிந்துவைத்தார். இடம் கிடைக்க ஒரு வருடம் ஆனது. சுத்தமான இடம். நானும் போய்ப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு அறை, ஜன்னல், அன்பாகப் பேசும் ஆட்கள். அக்கா தம்பியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அன்று மாலை நாலு மணிக்கு வேலை முடிந்தும் போகாமல் சலவைப் பிரிவிலேயே நின்றார். போங்கக்கா என்று சூப்பர்வைசர் சொன்னார். ஐந்து மணிவரை நின்றார். அடுத்த நாளும் அப்படித்தான். வீட்டில் போய் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார். ஒரு சினிமாவுக்குப் போய்ப் பாதியில் எழுந்து வந்தாராம்.

ஒன்பதாம் நாள் இல்லத்திலிருந்து போன் வந்தது. தம்பி சாப்பிட மறுக்கிறார், தண்ணீர் மட்டும்தான், மறுபடியும் நெற்றிப்பொட்டில் அடித்துக்கொள்கிறார். பழகக் காலம் ஆகும், இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள் என்றும் சொன்னார்கள். அக்கா என்னிடம் வந்து அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"கூட்டிட்டு வரப் போறீங்களா? அவங்க பொறுக்கத்தானே சொல்றாங்க."

"பொறுக்கலாம். ஒரு மாசத்துல பழகினாலும் பழகுவான்."

"அப்புறம் ஏன்க்கா?"

"இவ்வளவு நாளா என் தலையில கட்டினாங்க. இப்ப யாரும் கட்டல. நானாத்தான் போறேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "இதுல சந்தோஷம் இருக்கான்னு கேக்காதே. எனக்கு அது எப்படி இருக்கும்னே தெரியாது."

அழைத்து வந்துவிட்டார். தம்பி வீட்டுக்கு வந்து நேராகத் தன் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாராம், அக்கா பக்கம் திரும்பவே இல்லையாம். சரியாகச் சாப்பிட மூன்று வாரம் ஆனது. இப்போது வாரத்தில் மூன்று நாள் பகல்நேர மையம் ஒன்றுக்குப் போகிறார். அங்கே பழைய காகிதம் பிரிக்கிறார்கள். அக்காவுக்கு மூட்டு வலி வந்துவிட்டது, தள்ளுவண்டியைத் தள்ள இன்னொருவரை வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருக்கிறது. தனக்குப் பிறகு தம்பிக்கு யார் என்று என்னை அடிக்கடி கேட்கிறார். அவருக்கு என் பதில் வேண்டியதில்லை என்று தெரிந்தும், நான் ஒவ்வொரு தடவையும் பார்ப்போம்க்கா என்கிறேன்.